ஈயம் கலந்த வளவில் தோட்டமா? செய்யக்கூடாதவை

வலைக்கு ஈயம் உருக்கிய மூலை, பழைய பற்றறி உடைத்த இடம். இப்படியான வளவுகளிலும் இப்போது பாத்தி போடுகிறார்கள். கை கழுவு, செருப்புப் போடு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சூரியகாந்தி ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று நம்புவது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆரையம்பதியில் ஒரு தம்பி வரிசையாக நட்டுவிட்டு, "அண்ண, பூத்திட்டு, இனி மண் சுத்தம்தானே?" என்றார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் 15 சென்ரிமீற்றர் ஆழ மண் ஏறக்குறைய 200 கிலோ. கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் இருந்தால் மொத்தம் 80 கிராம். அதில் ஒரு கிலோ காய்ந்த செடி விளைந்து, அது 100 மில்லிகிராம் எடுத்ததென்று தாராளமாக வைத்தாலும் 800 போகம் நட வேண்டும்! வேருக்குள் போகிற கொஞ்ச ஈயமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். ஈயத்தைக் கரைத்துவிடுகிற ஈ.டி.டி.ஏ. என்ற இரசாயனத்தை ஊற்றினால் செடி கூடுதலாக எடுக்கும் என்பார்கள். எடுக்கும்தான், ஆனால் கரைந்த ஈயத்தில் மிச்சம் நம்முடைய மணலில் கீழிறங்கிக் கிணற்றுக்குப் போகும்.

தம்பி அதோடு நிற்கவில்லை. செடிகளை வேரும் மண்ணுமாகப் பிடுங்கிக் கூட்டெருக் கிடங்கில் போட்டு, அந்த எருவை நல்ல பாத்திகளுக்கும் இறைத்துவிட்டார். ஒரு மூலையில் கிடந்த ஈயம் இப்போது வளவெல்லாம்.

கூட்டெரு போட்டால் ஈயம் போய்விடும் என்பது

போகாது, கட்டுப்படும். உக்கல் ஈயத்தைப் பிடித்துவைக்கும்; எருவிலுள்ள பொஸ்பேற்று அதோடு சேர்ந்து இலகுவில் கரையாத உப்பாகும். ஆனால் நம்முடைய வெயிலுக்கு மணலில் உக்கல் நிற்காது, போகத்துக்குப் போகம் போட வேண்டும். மண் புளித்தால் பிடி தளரும், புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்கும் 7க்கும் இடையில் இருக்கட்டும். தம்பியின் எருவைப்போல அதிலேயே ஈயம் இருக்கலாம், எரு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

கீரையில் தொடங்குவது

வேண்டாம். மழைக்குத் தெறிக்கிற மண் இலையில்தான் ஒட்டும். வற்றாளை, கரட்டும் வேண்டாம். கத்தரி, வெண்டி, பயற்றை நடுங்கள்.

வளவை வெறும் மணலாகக் கூட்டிவைப்பது

சின்னப் பிள்ளைகளுக்கு மரக்கறியைவிட மண்ணும் தூசியுமே ஆபத்து. அந்த மூலையைப் புல்லாலோ பொச்சுமட்டையாலோ மூடிவிடுங்கள். அங்கே கூட்டிய குப்பையை எருக்கிடங்கில் கொட்டாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.