கோடைத் தோட்டத்துக்குப் பாரம்பரியத் தக்காளி விதையைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் விதை உறையில் 'எஃப்1' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அது வீரிய ஒட்டுரகம். அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தோடு முளைக்காது. பாரம்பரிய ரகத்திலோ ஆண்டுதோறும் விதையெடுத்து அதே பழத்தைத் திரும்பப் பெறலாம்.

அடுத்து, படத்தைப் பார்த்து மயங்காமல், அறுவடை நாளைப் படியுங்கள். அது பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. நாற்று வளர 6 முதல் 8 வாரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பகலில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வலுவிழப்பதால் காய்ப்பிடிப்பு வெகுவாகக் குறையும். செடி பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். ஆனால் பூக்காம்பின் நடுவிலுள்ள கணு மஞ்சளித்து, விரல் பட்டதுமே பூ உதிர்ந்துவிடும். இதற்கு உரம் மருந்தாகாது. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். பூ காயாகிப் பழுக்க ஏறத்தாழ 7 வாரம் பிடிப்பதால், 80 நாள் ரகம் நட்ட ஐந்தாவது வாரத்தையொட்டிக் காய் பிடித்தாக வேண்டும். அந்த வாரம் உங்கள் ஊரின் கடும் வெயிலில் விழுந்தால், நடவை முன்கூட்டியே செய்யுங்கள் அல்லது வேறு ரகம் தேடுங்கள்.

பிராண்டிவைன் என்ற பாரம்பரிய ரகம் சுவையில் உயர்ந்ததே. ஆனாலும் பெரிய பழமும் நீண்ட காலமும் கொண்ட அதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லோ பேர் போன்ற சிறுபழ ரகங்கள் வெயிலிலும் ஓரளவு காய்க்கும். நடுத்தரப் பழம் வேண்டுமென்றால் ஆர்கன்சாஸ் டிராவலர் நல்லது. இவையெல்லாம் கொடிபோல் நீள்பவை என்பதால் உறுதியான ஊன்றுகோல் வேண்டும். தொட்டியில் வளர்ப்பவர்கள் ரோமா போன்ற குத்துச்செடி வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பாரம்பரிய ரகங்கள் பலவற்றுக்கு வாடல் நோயை எதிர்க்கும் திறன் குறைவு. தக்காளி, கத்தரி, மிளகாய் அண்மையில் விளைந்த மண்ணைத் தவிர்த்துவிடுங்கள்.

பழைய விதையானால் பத்தை ஈரத்தாளில் மடித்து வைத்து முளைப்புத்திறனைச் சோதியுங்கள். மெல்லிய டிஷ்யூவில் வேர் பின்னிக்கொள்ளும் என்பதால் காபி வடிகட்டும் தாளே என் விருப்பம். ஒரு வாரம், பத்து நாளில் குறைந்தது ஏழு விதை முளைத்தால் விதைக்கலாம்.

பிற்சேர்க்கை: இரண்டு ரகங்களை அருகருகே வைத்தால் கலந்துவிடாதா என்று சிலர் கேட்டார்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஆனால் பிராண்டிவைன் போன்ற சிலவற்றில் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் பெண்பகுதியின் நுனி) வெளியே நீண்டிருக்கக்கூடும் என்பதால் கலப்புக்கு இடமுண்டு. விதைக்கென ஒதுக்கும் பூங்கொத்தை, மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை நீக்கிக் காம்பில் நூல் கட்டி அடையாளமிடுங்கள்.