மாலத்தீவைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

மாலத்தீவோடு உரசல் வரும்போதெல்லாம் நம்மில் ஒருவர் தவறாமல் சொல்வார்: "1988-ல் காப்பாற்றியதே நாம்தானே!" காப்பாற்றியது உண்மைதான். அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி, அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுக்காரர், இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட் இயக்கத்தினரின் துணையோடு அதிபர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்த இந்திய பாராசூட் படையினர் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஆனால் செய்த உதவியைச் சொல்லிக்காட்டினால் உறவுக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு நாடு மட்டும் எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? தலைநகர் மாலேயின் இன்றைய இளைஞர்கள் பலர் அப்போது பிறக்கவே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, மாலத்தீவில் எழுந்த 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தை வெறும் நன்றிகெட்டதனமாகப் பார்ப்பது. அங்கே இருந்த நம் ராணுவத்தினர் நூறு பேர்கூட இல்லை. இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கினார்கள். தொலைதூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவந்து பல உயிர்களைக் காத்தார்கள். நமக்கு அது சேவை. அவர்களில் பலருக்கோ தம் மண்ணில் நிற்கும் அந்நியச் சீருடை. ஹெலிகாப்டர் ஒன்று நின்ற அட்டூ பவளத்தீவில்தான் 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது. சுமார் ஐந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நாட்டில் அந்த நினைவு லேசில் அழியாது. 2024 மே மாதத்துக்குள் ராணுவத்தினர் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்கு இந்தியாவிலிருந்தே சிவில் தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள்; விமானங்கள் அங்கேயே இருந்தன. சீருடைதான் சிக்கல் என்பது இதிலேயே தெரிகிறது.

அடுத்தது, மாலேயில் யார் ஜெயித்தாலும் 'இந்தியா பக்கமா, சீனா பக்கமா' என்று முத்திரை குத்துவது. 'இந்தியாவே வெளியேறு' முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்த அதே அதிபர் முய்சு 2024 அக்டோபரில் டெல்லி வந்தார்; தேவைப்படும்போது மாலத்தீவு இந்தியாவிடமிருந்து பணம் பெற வழிசெய்யும், 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்குமான நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 ஜூலையில் அவர்களின் 60-ஆவது சுதந்திர தின விழாவுக்கு நம் பிரதமர் சிறப்பு விருந்தினராகப் போனார். முய்சு மனம் மாறிவிட்டாரா என்று தேடுவதில் பயனில்லை. கடனும் டாலர் தட்டுப்பாடும் அவர் கழுத்தை நெரித்தன. தன் நாட்டுக்கு வேண்டியதை அவர் பார்த்தார். எந்த அதிபரும் அதைத்தான் செய்வார்.

மாலத்தீவுச் சுற்றுலாவைப் புறக்கணிக்கச் சொல்லும் அழைப்புகளும் எனக்கு ஏற்பில்லை. 2024 ஜனவரியில் அந்நாட்டின் மூன்று துணை அமைச்சர்கள் நம் பிரதமரை இழிவாக எழுதினார்கள். அவர்களை அவர்களுடைய அரசே இடைநீக்கம் செய்தது. அதன்பிறகும் கோபத்தில் பயணத்தை ரத்துசெய்தால் அடிபடுவது அந்த மூவர் அல்ல, தீவுகளில் சின்ன விடுதி நடத்தும் குடும்பங்கள். நம் அரசு நம்மைவிட நிதானமாக நடந்துகொண்டது. உரசல் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு ஏப்ரலில் மாலத்தீவுக்கு முட்டை, வெங்காயம், அரிசி, சர்க்கரை அனுப்ப இந்தியா அனுமதித்த அளவு, 1981-ல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்தே அதிகம். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தச் சண்டையில் லட்சத்தீவைச் சுற்றுலாவில் மாலத்தீவுக்குப் போட்டியாக நிறுத்தினோம். லட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காயில் மக்கள் பேசும் மஹல், மாலத்தீவின் திவேஹி மொழியின் வட்டார வழக்கு. அந்தத் தீவுக்குத் தெற்கே கடல் எல்லை எங்கே ஓடுகிறது என்பதை இரு நாடுகளும் 1976-லேயே உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டு முடித்துக்கொண்டன.