பிளஸ் டூவுக்குப் பின் என்ன படிப்பது: முடிவெடுக்கும் முறை

தேர்வு முடிவு வந்தபின் யோசிக்கத் தொடங்குவது சற்றுத் தாமதம்தான். பதினொன்றாம் வகுப்பில் எடுத்த பாடப்பிரிவே பாதி வழிகளை அப்போதே அடைத்திருக்கும். ஆகவே, கையிலுள்ள பாடங்கள் எந்தப் படிப்புகளுக்குத் தகுதி தருகின்றன என்பதை முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் மாற்றப்பட்டு, மொத்தம் 200க்குக் கட் ஆஃப் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கியவருக்கு அது 172. இந்த எண்ணை, முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தக் கட் ஆஃப் வரை இடம் கிடைத்தது என்று காட்டும் பட்டியலில், உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரிய கட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பணம். பெரும்பாலான வீடுகளில் முடிவை உண்மையில் எடுப்பது இதுதான். கல்விக் கட்டணத்தோடு விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் படிப்பு முடியும் ஆண்டுவரை கூட்டி எழுதுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டில் எவரும் பட்டம் பெறவில்லையெனில், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் கலந்தாய்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

நண்பன் சேர்ந்த கல்லூரி என்பது காரணமே அல்ல. மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், அந்த விடுதியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு மறுப்பதா என்று தீர்மானிக்கலாம்.