இணையத்தில் பிள்ளையைச் சீண்டினால்: புகார் செய்யும் முறை

முதலில் பிளாக் செய்யாதீர்கள், ஆதாரத்தை எடுங்கள். எதிராளி பதிவை அழித்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டில் பயனர்பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். பதிவின் லிங்க்கையும் தனியே சேமியுங்கள்.

பிறகு புகார். கணக்கின் மேல் பொதுவாகப் புகார் கொடுப்பதைவிட, புண்படுத்திய அந்தக் கமெண்ட்டையோ செய்தியையோ அழுத்திப் பிடித்துப் புகாரளிப்பது நல்லது. பரிசீலிப்பவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். 'ஸ்பாம்' என்று போடாமல் துன்புறுத்தல் பிரிவையே தேர்ந்தெடுங்கள். போலிக் கணக்கு என்றால் ஆள்மாறாட்டப் பிரிவு. நிராகரித்தால், மறுபரிசீலனை கேட்கும் வசதி இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

வகுப்புத் தோழனே சீண்டுகிறான் என்றால் பிளாக் செய்தது அவனுக்குத் தெரிந்து, நேரில் தொல்லை கூடலாம். இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' இதற்காகவே 2019-இல் வந்தது: அவன் புதிதாகப் போடும் கமெண்ட் அவனுக்கு மட்டுமே தெரியும், செய்தி கோரிக்கைப் பெட்டிக்குப் போகும், நீங்கள் படித்ததும் தெரியாது.

வசைச்சொல் வடிகட்டியில் (நீங்கள் பட்டியலிடும் சொற்கள் உள்ள கமெண்ட்டை மறைக்கும் வசதி) எழுத்து மாற்றி எழுதும் வடிவங்களையும் சேருங்கள். நிறுவனங்களின் வடிகட்டிகள் தவறவிடுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவினால், ஆதாரத்துக்காகக்கூட அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை படத்தின் டிஜிட்டல் கைரேகையை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை) மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குத் தரும். படம் உங்கள் கருவியை விட்டு வெளியேறாது.