ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: பழைய கைப்பேசியைக் கைவிடும் முன்

ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்கு மாறுபவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது, திரையின் அடியில் இருந்த பின்செல்லும் பொத்தான் எங்கே போயிற்று என்பதைப் பற்றித்தான். அதற்கு விரல்கள் தாமாகவே பழகிவிடும். ஆனால் பழைய கைப்பேசியை அவசரப்பட்டு அழித்துவிட்டால், அதோடு போகும் வாட்ஸ்அப் உரையாடல்களை மீட்பது கடினம். எனவே மாற்றத்துக்கான வேலைகளில் பெரும்பகுதியைப் பழைய கைப்பேசி கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். புதியதைக் கொண்டுவந்து கொடுக்கும் அதே வேளையில் பழையதை வாங்கிச் செல்லும் எக்ஸ்சேஞ்ச் சலுகையை, தள்ளுபடி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

தகவல்களை மாற்றுவதற்கென்று ஆப்பிள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்னும் செயலி பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனை முதன்முறை இயக்கி, மொழி, வைஃபை முதலியவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகும்போது, ஆண்ட்ராய்டிலிருந்து தகவல்களைக் கொண்டுவரலாமா என்று ஒரு திரை கேட்கும். அந்த இடத்தில்தான் இச்செயலி பயன்படும். அதைத் தாண்டி அமைப்பை முடித்துவிட்டவர்கள், ஐபோனை முழுவதுமாக அழித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஐபோன் காட்டும் எண் குறியீட்டை ஆண்ட்ராய்டில் உள்ளிட்டதும் தொடர்புகள், குறுஞ்செய்திகள், கேமராவில் எடுத்த படங்கள், காணொளிகள், நாட்காட்டி, மின்னஞ்சல் கணக்குகள் ஆகியவை இடம்பெயரும். இரண்டு கைப்பேசிகளையும் சார்ஜரில் இணைத்து வைத்து, முடியும்வரை ஆண்ட்ராய்டில் வேறெதையும் திறக்காமல் இருக்க வேண்டும். நடுவே ஓர் அழைப்பு வந்தாலும் வேலை அறுந்துபோகக்கூடும். பாடல்களையும் பிடிஎஃப் கோப்புகளையும் நாமே தனியாகத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் டிரைவில் சேமிக்கப்படுகிறது; ஐபோனிலோ அது ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடிலிருந்து மட்டுமே மீட்கப்படும். ஆகவே தினமும் தவறாமல் பேக்கப் எடுத்து வைத்திருப்பவருக்கும் புதிய கைப்பேசியில் வெறுமையான திரைதான் காத்திருக்கும். உரையாடல்கள் வர வேண்டுமானால், மேற்சொன்ன செயலியில் மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுத்து, பின்னர் ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைக் கொண்டு உள்நுழைய வேண்டும். பழையதில் ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், புதியதில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் இருக்க வேண்டும். அழைப்புகளின் பட்டியல் வராது. கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்காகக் கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலியைப் பயன்படுத்துபவர்கள், அதிலுள்ள கணக்குகளை ஏற்றுமதி செய்யும் வசதியைத் திறந்து, அது காட்டும் கியூஆர் குறியீட்டைப் புதிய கைப்பேசியால் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது சிம்மும் பணப் பரிமாற்றமும். இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான ஐபோன்களில் ஒரு நானோ சிம்முக்குத்தான் இடம் உண்டு; இரண்டாவது எண்ணை, அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்றும் இந்த வசதியைத் தருகின்றன. யுபிஐ செயலிகள் நம் எண்ணைச் சரிபார்க்க ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகின்றன. ஐபோனில் எந்தச் செயலியும் தானாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது என்பதால், திரையில் தோன்றும் அச்செய்தியை நாமே அழுத்தி அனுப்ப வேண்டும், அதற்குரிய இருப்பும் சிம்மில் இருக்க வேண்டும். கைப்பேசியை மாற்றியவுடன் தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாதபடி வங்கிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன; ஆண்ட்ராய்டில் 24 மணி நேரம் நீடிக்கும் இக்கட்டுப்பாடு, ஐபோனில் பல வங்கிகளில் 72 மணி நேரம்வரை நீள்கிறது. வாடகையோ பள்ளிக் கட்டணமோ செலுத்த வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மாறாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இனி அன்றாடப் புழக்கத்துக்கு வருவோம். பின்செல்வதற்குத் திரையின் இடது விளிம்பிலிருந்து உள்நோக்கித் தள்ள வேண்டும். அதற்குச் செவிசாய்க்காத சில செயலிகளில் இடது மேல் மூலையில் அம்புக்குறி இருக்கும். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபோன்களில், அடியிலிருந்து மேலே தள்ளினால் முகப்புத் திரை வரும். தள்ளி நடுவில் சற்று நிறுத்தினால் திறந்திருக்கும் செயலிகள் வரிசையாகத் தெரியும். வலது மேல் மூலையிலிருந்து கீழே இழுத்தால் வைஃபை, ஒளி, ஒலி ஆகியவற்றுக்கான கட்டுப்பாடுகளும், இடப்பக்கமிருந்தோ நடுவிலிருந்தோ இழுத்தால் அறிவிப்புகளும் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் இரண்டும் ஒரே இழுப்பில் வந்து பழகியவர்களுக்குக் கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு செயலிக்குரிய விருப்பங்கள் அதற்குள் காணப்படாவிட்டால் செட்டிங்ஸில் அதன் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். கூகுள் சேவைகளை விட்டுவிட வேண்டிய கட்டாயம் இல்லை: ஜிமெயில், கூகுள் மேப்ஸ், கூகுள் போட்டோஸ் எல்லாம் ஐபோனிலும் இயங்குகின்றன. ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி, கூகுள் கணக்கில் 15 ஜிபி. படங்கள் ஏற்கெனவே கூகுளில் இருந்தால் அங்கேயே தொடர்வது செலவைக் குறைக்கும்.

தமிழில் தட்டச்சு செய்வதற்குப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. செட்டிங்ஸில் ஜெனரல், கீபோர்டு என்று சென்று தமிழைச் சேர்த்தால், 2013இல் ஐஓஎஸ் 7 முதல் இடம்பெற்றுவரும் அஞ்சல், தமிழ் 99 ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி தட்டிப் பழகியவர்களுக்கு அஞ்சல் ஏற்றது. எனினும் கூகுளின் ஒலிபெயர்ப்பைப் போல அது சொல்லை ஊகிப்பதில்லை. ஒவ்வொரு விசைக்கும் உரிய எழுத்து வரையறுக்கப்பட்டிருக்கிறது. சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பதைக் கொண்டுதான் லகரமும் ளகரமும் பிரிகின்றன. நிறைய எழுதுபவர்கள் தமிழ் 99ஐக் கற்றுக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அந்த அமைப்பில், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும் என்பதால் ‘பக்கம்’, ‘பட்டம்’ போன்ற சொற்களை வேகமாக அடிக்க முடியும்.

எல்லாம் சரியாக வந்து சேர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகு பழைய கைப்பேசியை விற்கலாம். முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பின்னரே எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், வாங்கியவர் அதை இயக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஐபோனில் மெமரி கார்டுக்கு இடமில்லை என்பதால், பழையதில் இருக்கும் கார்டை மறக்காமல் கழற்றி, அதிலுள்ள கோப்புகளைக் கணினியிலோ கூகுள் டிரைவிலோ ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.