பசி டானிக்கும் சளி சிரப்பும் ஒரே பையில் இருந்தால்

"அண்ணாச்சி, பிள்ள சோறே திங்க மாட்டேங்கான், பசிக்கு ஒரு டானிக் குடுங்க."

கோவில்பட்டியில் என் மருந்துக்கடையில் இதைக் கேட்காத வாரம் கிடையாது. நான் முதலில் திருப்பிக் கேட்பது, "வீட்டுல வேற என்ன சிரப் ஓடுது?" என்றுதான்.

பசி டானிக் என்று கேட்டு வாங்கும் சிரப் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின். அது அடிப்படையில் அலர்ஜி மருந்து. அரிப்பு, தும்மல், மூக்கொழுகலுக்கு வந்தது. சாப்பிட்டவர்களுக்குப் பசி கூடியதால் பசிக்கும் எழுத ஆரம்பித்தார்கள். சத்து மருந்து அல்ல, தூக்கம் வரவழைக்கும் மருந்து. இது தெரியாமல்தான் ஒரு அம்மா, சளிக்கு டாக்டர் எழுதிய சிரப்போடு பக்கத்து வீட்டில் தந்த பசி டானிக்கையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சளி சிரப்பில் குளோர்பெனிரமின், டானிக்கில் சிப்ரோஹெப்டடின். இரண்டும் ஒரே வகை அலர்ஜி மருந்து. யூகேஜி படிக்கும் பையன் வகுப்பில் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறான் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் இரண்டு பாட்டிலையும் என்னிடம் கொண்டுவந்தார்.

ஆகவே முதல் வேலை: வீட்டில் இருக்கும் சிரப் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். செட்டிரிசின், குளோர்பெனிரமின், சிப்ரோஹெப்டடின், ஹைட்ராக்ஸிசின்: இவற்றில் இரண்டு தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அட்டையிலேயே போடச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு வந்தது. சிப்ரோஹெப்டடின் 2 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவு. எங்கள் வீட்டு அடுக்களைக் கரண்டிகளை ஒருநாள் சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். ஒன்றில் 3 மில்லிகூட நிற்கவில்லை, இன்னொன்றில் 8 மில்லி பிடித்தது. இரண்டையும் என் மனைவி 'டீஸ்பூன்' என்றுதான் சொல்வாள்! டாக்டர் ஒரு ஸ்பூன் என்றால் 5 மில்லி. பாட்டிலோடு வரும் மூடியைச் சமதளத்தில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பாருங்கள். 2.5 மில்லிக்குக் குறைவென்றால் ஊசியில்லாத சிரிஞ்சுதான் சரி. சொட்டு மருந்தையும் சிரப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பைவிட வீரியம் அதிகம்.

பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றுவது, அழும்போது ஊற்றுவது இரண்டும் புரையேற்றும். ஒரு டம்ளர் பாலில் கலந்தால் பாதிப் பாலோடு பாதி மருந்தும் மிச்சமாகிவிடும். கக்கிவிட்டால் உடனே மறுபடி கொடுக்காமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்க வேண்டாம்.

கொடுத்த பிறகு மயக்கமாகவே கிடக்கிறானா, வாய் வறளுகிறதா, சிறுநீர் போக முக்குகிறானா, மலம் இறுகுகிறதா என்று பாருங்கள். சில பிள்ளைகள் தலைகீழாக, தூங்காமல் துள்ளும். எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அலர்ஜி சிரப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு ஊசிதான் மருந்து.

பசி விஷயத்தில் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. வியாபாரத்துக்கு ஆகாத அபிப்பிராயம். ஒரு வயதுக்கு மேல் வளரும் வேகம் குறையும், சாப்பாடும் குறையும். அங்கன்வாடியில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறிக்கொண்டு இருந்தால் பயமில்லை. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் பால், நடுவில் பிஸ்கட், எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் வேறு. பிறகு சோற்றுக்கு இடம் எங்கே? ரத்தசோகை, பூச்சி இருந்தாலும் பசி எடுக்காது. அதைப் பார்க்காமல் டானிக் கொடுத்தால், நிறுத்தியதும் பழைய கதைதான்.

பாட்டில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள். "ஜூஸ்டா கண்ணா" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஜூஸ் என்று நம்பி எடுத்துக் குடித்துவிடும். சிப்ரோஹெப்டடின் அளவு மீறினால் பிள்ளை பிதற்றும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. குடித்தது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.