முதல் முறை மேடையில் மைக் பிடிப்பவருக்கு

தொகுத்து வழங்கச் சொன்னதும் பலரும் முதலில் தேடுவது கவிதை வரிகளையும் நகைச்சுவைத் துணுக்குகளையும்தான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் பேனாவும் தாளும் எடுங்கள்.

1. நிகழ்ச்சி நிரலை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொடங்கும் நேரம், மேடைக்கு வருபவர், அங்கே தேவைப்படும் பொருள் மூன்றையும் குறியுங்கள். தாமதமானால் எதை விட்டுவிடலாம் என்றும் அப்போதே கேட்டு வையுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

2. பெயர்கள். என் முதல் நிகழ்ச்சியில் தலைமை தாங்கியவரின் பெயரில் ஒரு குறிலை நெடிலாக்கி வாசித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டார்; முன்வரிசையில் இருந்த அவர் குடும்பம் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் பெயரையும் பதவியையும் அவரவரிடமே கேட்டு எழுதி, அவர் முன்னால் ஒரு முறை வாசித்துக் காட்டிவிடுகிறேன்.

3. அறிமுகத்துக்கு ஒரு நிமிடம் போதும். யார், இந்தத் தலைப்பில் ஏன் இவர், கடைசியில் பெயர். பெயரைக் கேட்டதும்தான் கூட்டம் கை தட்டும். நடுவில் சொன்னால் மீதி அறிமுகம் கைத்தட்டலில் காணாமல் போகும். 'இவருக்கு அறிமுகமே தேவையில்லை' என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசுபவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

4. குறிப்புகளைக் கெட்டி அட்டையில், ஒரு பக்கம் மட்டும், எண் போட்டு எழுதுங்கள். மெல்லிய தாள் கை நடுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

5. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மைக்கைச் சோதியுங்கள். தட்ட வேண்டாம், ஊத வேண்டாம். இரண்டு வாக்கியம் பேசினால் போதும். வாயிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடியுங்கள். முகம் திரும்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்தினாலோ, ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலோ 'கீச்' என்று கத்தத் தொடங்கும்.

6. மேடையில்: பேச்சாளரை அழைத்தபின் அவர் மைக் அருகே வந்து சேரும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். கைத்தட்டலை நீங்களே தொடங்கிவையுங்கள். அவர் முடித்ததும் அவர் பேச்சைத் திரும்பப் பேசாமல், அதிலிருந்து ஒரு வரியைத் தொட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நேரம் தாண்டிப் பேசுபவர்தான் உண்மையான தலைவலி. மீதி நிமிடங்களை '5', '1' என்று எழுதிய அட்டைகளைக் காட்டப்போவதாக அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அவர் கண்ணில் படும்படி எழுந்து நில்லுங்கள். பிறகு மேடை ஓரம் வரை வாருங்கள். பெரும்பாலும் இதற்குள் நன்றி சொல்லிவிடுவார்.

காணொளி ஓடவில்லையா? என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஆகும் என்று நேராகச் சொல்லுங்கள். சரிசெய்பவரை மைக்கில் கிண்டல் செய்யாதீர்கள். அவர் ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருப்பார். இந்த மாதிரி நேரத்துக்காக இரண்டு நிமிடம் பேச ஏதாவது கைவசம் இருக்கட்டும். நீங்கள் தேடிய அந்தக் கவிதை, துணுக்கு எல்லாம் இங்கேதான் உதவும்.

7. முடிவில் நன்றி சொல்லி, கூட்டம் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மைக் அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகு மட்டும் 'அப்பாடா' சொல்லுங்கள்.